இப்போதைக்குச் செவலை

23.06.2025, திங்கள்

இன்று முதல் கம்ப்யூட்டர் லேபுக்குள் நான் நுழையக் கூடாது. கீதா மிஸ் உத்தரவு. இதை வருத்தத்தோடு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. பேனாவே சிரிக்கிறது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் செய்த வேலை இது. லேபில் உள்ள இருபத்திரண்டு கம்ப்யூட்டர்களிலும் திரையை அப்படியே படம் பிடித்து, அந்தப் படத்தையே வால்பேப்பராக வைத்து, நிஜ ஐகான்களை மறைத்துவிட்டேன். பார்த்தால் எல்லாம் இருக்கும். தொட்டால் ஒன்றும் இருக்காது. இன்று காலை மிஸ் ஒரு ஐகானின் படத்தைப் பதினேழு தடவை கிளிக் செய்தார். எண்ணினேன். மவுஸை மாற்றினார். பிறகு கம்ப்யூட்டரையே மாற்றினார். மூன்றாவது கம்ப்யூட்டரில் எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. 'நான் இல்லீங்க மிஸ்' என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்கு மேல் வேறு சாட்சியே தேவைப்படவில்லை.

"பேரு மௌனிகா. ஒரு நிமிசம் வாய மூடிட்டு இருக்கத் தெரியுதா?" என்றார்.

"பேரு வெச்சது எங்க நானாங்க மிஸ். வெச்சப்ப எனக்குப் பேச்சு வரல. அவருக்கு எப்படித் தெரியும்?" என்றேன். (எங்கள் வீட்டுத் தெலுங்கில் நானா என்றால் அப்பா.)

அதுவரை 'ஒரு வாரம்' என்று இருந்த தடை, அந்த நொடியில் 'மறு உத்தரவு வரும்வரை' ஆகிவிட்டது.

நானா சாயங்காலம் எண்ணெய் மில்லிலிருந்து வந்ததும் திட்டினார். போன வருடம் கோவை பீளமேட்டிலிருந்து காங்கேயத்துக்கு வந்ததே இந்த மில் வேலைக்காகத்தான். எங்கள் வீட்டில் சமாதானம் தமிழில், திட்டு தெலுங்கில். இன்று முழுக்கத் தெலுங்கு.

25.06.2025

லேபுக்கு வராந்தா பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது. கம்பிக்கு வெளியே நின்றால் நான்காவது கம்ப்யூட்டரின் திரை நன்றாகவே தெரிகிறது. யாருக்கும் சொல்லவில்லை.

09.07.2025, புதன்

இன்று பள்ளிக்கு ஒரு மொபெட் வந்தது. முன்னால் இரண்டு கட்டைப் பைகள், பை நிறைய நோட்டுகள், பின்னால் சென்னியம்மாள் அக்கா. மாடு வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். வயது நாற்பத்தைந்து இருக்கும். மொபெட்டை நிறுத்துவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

சங்கம் வருடா வருடம் தை மாதத்தில் 'கன்று நாள்' நடத்துகிறது. நாலு மாதம் நிரம்பிய ஒவ்வொரு காங்கேயம் கன்றுக்கும் ஒரு சான்று கொடுப்பார்கள். தாய் யார், தகப்பன் யார், என்ன நிறம், எப்போது பிறந்தது. அந்தச் சான்றை வைத்துத்தான் எந்தக் காளைக்கு எந்தப் பசு என்று முடிவு செய்வார்கள்.

"போன வருசம் நோட்டப் பாத்துக் கையிலயே எழுதுனனுங்க மிஸ். ஒரு கன்னுக்கு அப்பன் பேர எழுதற எடத்துல அண்ணன் பேர எழுதிப்போட்டேன். சபையில வெச்சுப் படிச்சுட்டாங்க. மானமே போச்சு."

கீதா மிஸ் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கும் கனிஷ்காவைக் கூப்பிட்டார். கனிஷ்கா வீட்டிலேயே மாடுகள் உண்டு. அவள் என்னைக் கைகாட்டினாள்.

"டிசைன் நான் பண்ணிருவேனுங்க மிஸ். கமாண்டு மௌனிகாவுக்குத்தான் வேகமா வரும்."

மிஸ் என்னைப் பார்த்தார். பதினேழு கிளிக்கும் அவர் முகத்தில் ஒரு முறை ஓடி மறைந்தன.

ஒப்பந்தம் இதுதான்: இந்த வேலைக்கு மட்டும் லேபுக்குள் போகலாம், கனிஷ்கா பக்கத்தில் இருக்க வேண்டும். கன்று நாளில் சான்றுகள் சரியாக வந்தால் தடை நீங்கும். தப்பாக வந்தால் பிப்ரவரி ப்ராக்டிகல் அன்று மட்டும்தான் லேபின் உட்புறத்தைப் பார்ப்பேன்.

மாட்டுக்காக நான் மாட்டிக்கொண்டேன்.

14.07.2025, திங்கள்

கனிஷ்காவின் சார்ட் வந்துவிட்டது. வெள்ளைச் சார்ட், மூன்று கலர் ஸ்கெட்ச், அடிஸ்கேலால் போட்ட கட்டங்கள். 'மாடு' என்று ஒரு கட்டம். அதற்குள் கூப்பிடும் பெயர், நிறம், பிறந்த மாதம், தாய், தகப்பன். பக்கத்தில் 'உடையவர்' என்று இன்னொரு கட்டம். நடுவில் ஒரு கோடு. ஓர் உடையவருக்குப் பல மாடுகள், ஒரு மாட்டுக்கு ஓர் உடையவர்தான்.

அழகாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. "மாட்டுக்குக் கொம்பு வரைய மறந்துட்டியே" என்றேன். முறைத்தாள்.

மிஸ் சார்ட்டைச் சுவரில் ஒட்டிவிட்டுச் சொன்னார்: "இது வெறும் வரையறை. காகிதத்துல இருக்கற வரைக்கும் டேட்டாபேஸ்னு ஒண்ணு இல்லவே இல்ல. மௌனிகா கமாண்ட் குடுத்த பிறகுதான் அது டிஸ்க்குல எடம் புடிக்கும்."

நான் கொடுத்த பிறகுதான். இந்த வரியை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

22.07.2025, செவ்வாய்

கறுப்புத் திரை. துடிக்கும் ஒரு சின்னக் கோடு. கிரியேட் டேட்டாபேஸ் என்று அடித்து, பெயர் கொடுத்து, அரைப்புள்ளி வைத்து, என்டர்.

'ஒரு வரி பாதிக்கப்பட்டது' என்று பதில் வந்தது. அவ்வளவுதான். மேளம் இல்லை, பட்டாசு இல்லை. ஆனால் ஒரு நொடிக்கு முன்பு உலகத்தில் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது, நான் சொன்னதால். பிறகு கிரியேட் டேபிள். சார்ட்டில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துப் பார்த்து: இது எழுத்து, இத்தனை நீளம், இது தேதி, இது காலியாக இருக்கக் கூடாது. கனிஷ்கா ஒருவாரம் வரைந்ததை நான் இருபது நிமிடத்தில் நிஜமாக்கிவிட்டேன். (அவளிடம் இப்படியே சொன்னேன். ஸ்கேலால் அடித்தாள்.)

முதல் மாட்டை ஏற்றினோம். அவளுடைய அப்பா பாலுசாமியின் பசு, மயிலை. சாம்பல் கலந்த வெள்ளைக்கு இங்கே மயிலை என்று பெயர். ஏற்றிவிட்டு, இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தோம்.

திரையில் '????' என்று வந்தது.

"என்னடி எங்க மாட்டக் கேள்விக்குறி ஆக்கிட்ட?"

"நான் இல்லடி. உங்க மாடுதான் ஏதோ கேக்குது."

டேட்டாபேஸை உருவாக்கும்போதே தமிழ் எழுத்தை ஏற்கும்படி கமாண்டில் சொல்லியிருக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் அழித்து மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் முறை ஆறு நிமிடம்தான் ஆனது. இனிமேல் ஒவ்வொரு கமாண்டையும் வரிசையாக ஒரு ஃபைலில் சேமித்து வைக்கப்போகிறேன். இந்த டைரியின் கடைசிப் பக்கங்களிலும் எழுதி வைக்கிறேன்.

06.08.2025, புதன்

சென்னியம்மாள் அக்கா ஃபாரங்களை அனுப்ப ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது ஃபாரத்திலேயே தகராறு.

ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளம் வேண்டும். ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக் கூடாது. அதுதான் பிரைமரி கீ. கனிஷ்கா சார்ட்டில் 'கூப்பிடும் பெயர்' என்று போட்டிருந்தாள். முதல் மாடு மயிலை. இரண்டாவது மாடும் மயிலை. கம்ப்யூட்டர் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று கதவைச் சாத்திவிட்டது. மூன்றாவது ஃபாரத்தைப் பிரித்தேன். மயிலை. நாலாவது, மயிலை.

"உங்க ஊர்ல மாட்டுக்கு வேற பேரே வெக்க மாட்டீங்களாடி?"

"மயிலைய மயிலைன்னு கூப்பிடாம மகாலட்சுமின்னா கூப்பிடுவாங்க? நெறந்தான் பேரு. செவப்புன்னா செவலை, கறுப்புன்னா காரி, சாம்பல்னா மயிலை. எங்கப்பா 'மயிலை'ன்னு ஒரு கொரல் குடுத்தா நாலும் திரும்பிப் பாக்கும். ஆனா எது வரணுமோ அது மட்டும் வரும்."

"அப்ப உங்க மாட்டுக்கு இருக்கற அறிவு இந்தக் கம்ப்யூட்டருக்கு இல்ல."

"உனக்கும்தான்."

காதில் போடும் மஞ்சள் நம்பர் கம்மலை அடையாளமாக வைக்கலாமே என்றேன். கன்றுகளுக்கு இன்னும் போடவே இல்லையாம். பெரிய மாடுகளில் பாதி, கிளுவை வேலியில் காதை உரசி அதைப் பிய்த்துப் போட்டுவிடுகின்றன. கடைசியில் உடையவர், நிறம், பிறந்த மாதம் மூன்றும் சேர்ந்து ஒரு கீ என்று கனிஷ்கா முடிவு செய்தாள். சார்ட்டில் மூன்றையும் வட்டமிட்டாள். நான் கமாண்டை மாற்றினேன். நாலு மயிலையும் சண்டையில்லாமல் உள்ளே போயின.

13.08.2025

இன்றைய தத்துவம்: ஒவ்வொரு மாட்டுக்கும் தாய் உண்டு. தாய் முதலில் டேபிளில் இருந்தால்தான் பிள்ளையை ஏற்ற முடியும். தாயை ஏற்ற, அதன் தாய் வேண்டும். அதை ஏற்ற, அதன் தாய். இப்படியே போனால் முதல் மாடு எது? பிரம்மாவுக்கும் இதே எரர் வந்திருக்கும்.

சென்னியம்மாள் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டோம்.

"தெரியாட்டி காலியா உடுங்கம்மணி. சந்தையில புடிச்சதுக்கெல்லாம் பூர்வீகம் கேட்டா யாரு சொல்லுவா?"

காலியாக இருக்கலாம் என்று கமாண்டில் ஒரு சொல் சேர்த்தேன். வேலை முடிந்தது. அக்கா கம்ப்யூட்டர் படித்ததில்லை.

22.08.2025, வெள்ளி

ஒப்புக்கொள்கிறேன். இன்று கை அரித்தது. கனிஷ்கா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் ஒரு மாடு ஏற்றினேன். பெயர்: கீதா. நிறம்: கோபச் சிவப்பு. சும்மா பார்க்கத்தான். உடனே ரோல்பேக் என்று அடித்தேன். சேமிக்கும் முன் அப்படி அடித்தால் எதுவும் நடக்காததுபோல் ஆகிவிடும். ஒன்பது நொடி வாழ்ந்து, சுவடில்லாமல் போய்விட்டது.

திரும்பினால் கனிஷ்கா பாட்டிலோடு நிற்கிறாள்.

"எங்கப்பா மாடும் இதுக்குள்ளதான் இருக்கு. வெளையாடாத மௌனி" என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் உறுத்துகிறது.

30.08.2025, சனி

முடிந்தது! நூற்று எண்பத்தெட்டு மாடுகள். அதில் இந்த வருடக் கன்றுகள் இருபத்தாறு. 'தாய் மயிலை, உடையவர் பாலுசாமி' என்று கேட்டால் ஒரு கண் சிமிட்டலில் கன்று வந்து நிற்கிறது: செவலை, பிப்ரவரி. கீதா மிஸ் பின்னால் நின்று பார்த்தார். "ம்" என்றார். அந்த 'ம்'மை வீட்டுக்குக் கொண்டுபோய் நானாவிடம் மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினேன்.

ஒரு மாட்டைக்கூட இதுவரை நான் கிட்டப் போய்த் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

29.11.2025, சனி

கன்று நாளுக்கு முன்பாக எல்லா உடையவர்களிடமும் சங்கம் மறுபடி ஃபாரம் வாங்கியிருக்கிறது. மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றாறு. விற்றதையும் செத்ததையும் முதலிலேயே நீக்கிவிட்டோம். பிறகு நான் ஒரு புத்திசாலிக் கமாண்ட் எழுதினேன். அதே கீ ஏற்கெனவே இருந்தால் வரியைப் புதுப்பிக்கும், இல்லாவிட்டால் புது மாடாகச் சேர்க்கும். ஒரே ஓட்டத்தில் எல்லாம் ஏறிவிட்டன.

எண்ணச் சொன்னேன். 219 என்றது. ஆகா, சங்கம் எப்படி வளர்கிறது!

(ஃபாரம் எத்தனை என்று இதே பக்கத்தில் ஐந்து வரிக்கு மேலே நானே எழுதியிருக்கிறேன். அப்போது கண்ணில் படவில்லை. 12.01 அன்று படித்துவிட்டு இந்த அடைப்புக்குறியைச் சேர்க்கிறேன்.)

10.01.2026, சனி

சங்க அலுவலகத்தில் சான்றுகளைச் சோதனைக்காக அச்சடித்தோம். இருபத்தாறு வர வேண்டும். பிரின்டர் நிற்கவில்லை. நாற்பத்தொன்பது.

கனிஷ்காவின் அப்பா பாலுசாமி முதல் ஆளாக வந்து வாங்கினார். இரண்டு தாள். அதே பசு, அதே காளை, அதே பிப்ரவரி மாதம். ஒன்றில் செவலைக் கன்று, இன்னொன்றில் மயிலைக் கன்று.

"ஏனுங்க சென்னியம்மா, என்ற மாடு எரட்டை போட்டுதுங்களா? என்றகிட்ட ஒருத்தரும் சொல்லலையே. இன்னொண்ண எங்க கட்டி வெச்சிருக்கீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு தங்கள் தாள்களைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. இருபத்து மூன்று பேருக்கு இரட்டை. சென்னியம்மாள் அக்காவின் முகம் போன வருடத்தின் அண்ணன்-அப்பன் கதைக்குத் திரும்பிப் போவதைப் பார்த்தேன்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கனிஷ்காவும்.

12.01.2026, திங்கள்

நான் செய்யல. செய்யவே இல்ல.

மிஸ் கேட்டாங்க, "மௌனிகா, இது உன் வேலையா?" இல்லன்னு சொன்னேன். ஜூன்லயும் முதல்ல இல்லன்னுதானே சொன்னேன் — அதுவும் அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. கனிஷ்காகிட்ட கேட்டாங்க. அவ அந்த ஒன்பது நொடி மாட்டைப் பத்திச் சொல்லிட்டா.

ஹெட்மாஸ்டர் எழுத்துல உத்தரவு போட்டுட்டார். லேபுக்குள் நுழையக் கூடாது.

வராந்தாவுல கனிஷ்காவை நிறுத்திக் கேட்டேன். "நீயுமாடி?"

"வேற யாரு கை வெச்சா? எனக்கு எரட்டைக் கன்னு வெளையாட்டு வேணாம் மௌனி. எங்கப்பாவ ஊரே கிண்டல் பண்ணுது."

எத்தனையோ தடவை செஞ்சிட்டு, செய்யலைன்னு சொல்லியிருக்கேன். எல்லாரும் நம்பினாங்க. இப்ப செய்யாம, செய்யலைன்னு சொல்றேன். இது என்ன நியாயம்? எனக்குச் சிரிப்பே வரல.

13.01.2026

அழுது முடித்தாயிற்று. யோசிக்கிறேன்.

இரட்டையானவை இருபத்து மூன்று. ஆகஸ்டு ஃபாரத்தில் இருந்த கன்றுகள் இருபத்தாறு. அப்படியானால் மூன்று மட்டும் ஏன் ஒற்றையாகவே இருக்கின்றன? பிரின்ட் தாள்களில் தேடினேன். மூன்றும் ஆகஸ்டில் பிறந்தவை. இருப்பதிலேயே சின்னவை. இரட்டையான இருபத்து மூன்றும் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில்.

நான் குறும்பு செய்திருந்தால் வயது பார்த்தா செய்திருப்பேன்?

தாளில் பதில் இல்லை. பொங்கலன்று கனிஷ்கா ஊருக்குப் போய் நானே தலையை எண்ணப்போகிறேன்.

16.01.2026, வெள்ளி, மாட்டுப் பொங்கல்

இதை விரிவாக எழுத வேண்டும்.

பஸ் இறங்கி, வேலி ஓரமாக நடந்து பாலுசாமி தோட்டத்துக்குப் போனேன். கொம்புக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். கனிஷ்கா டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டப்பாவைப் பார்த்தாள்.

"வாங்க கண்ணு" என்றார் அவர். இந்த ஊரில் கோபமாக இருந்தாலும் 'ங்க' குறைவதில்லை. "எரட்டைக் கன்னுக்காரன் ஊட்டுப் பொங்கச்சோறு தின்னுபோட்டுத்தான் போகோணும்."

"தின்னுக்கறனுங்க அங்கிள். அதுக்கு முன்னால அந்தச் செவலைக் கன்னைக் காட்டுங்க."

"அதா, உங்க முன்னாலதான நிக்குது."

முன்னால் நின்றது மயிலை. நல்ல சாம்பல் வெள்ளை. கழுத்தில் புது மணி.

"இது மயிலைங்களே. நான் செவலையக் கேட்டேன்."

"அதேதான் கண்ணு இது. பொறக்கறப்ப செவலை. இப்ப மயிலை. காங்கேயத்துக் கன்னு அத்தனையும் செவப்பாத்தான் பொறக்கும், ஆறு மாசத்துல வெளுத்துப்போடும். இதுகூடத் தெரியாமயா கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்க?"

குனிந்து பார்த்தேன். காதுக்குள்ளும் முட்டிக்குப் பின்னாலும் மட்டும் கொஞ்சம் செம்பட்டை மயிர் மிச்சம் இருந்தது. தொட்டேன். என் வாழ்க்கையில் தொட்ட முதல் கன்று. மூக்கு ஈரமாக இருந்தது. என் துப்பட்டாவை மெல்ல ஆரம்பித்தது.

பின்னால் பெயின்ட் டப்பா தரையில் விழுந்த சத்தம்.

"ஐயோ" என்றாள் கனிஷ்கா. "கீயில நெறம்."

ஆகஸ்டில் 'பாலுசாமி, செவலை, பிப்ரவரி.' நவம்பரில் 'பாலுசாமி, மயிலை, பிப்ரவரி.' என் புத்திசாலிக் கமாண்ட் அந்தக் கீயைத் தேடியது, இல்லை என்று கண்டது, புது மாடு என்று சேர்த்தது. ஆகஸ்டில் பிறந்த மூன்றும் நவம்பரில் இன்னும் சிவப்பாகவே இருந்தன, அதனால் தப்பித்தன.

"உனக்கு இது தெரியுமாடி, நெறம் மாறும்னு?"

"பொறந்ததுல இருந்து தெரியும்."

"அப்புறம் ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"சூரியன் கெழக்கால உதிக்கும்னு உங்கிட்டச் சொன்னனா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானன்னு நெனச்சேன். எழுதறப்பவும் எல்லாரும் நெறத்தத்தான மொதல்ல எழுதறாங்க. நானும் அதையே வட்டம் போட்டுட்டேன்." டப்பாவை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். "தப்பு சார்ட்டுல இருக்கு மௌனி. என்ற சார்ட்டுல. உன்னப் போயி..."

திட்டுவதற்கு நாலு நாளாக வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல வசனங்கள். எதுவும் வரவில்லை. "பாதித் தப்பு என்னுது. ஒரு கன்னைக்கூடக் கண்ணால பாக்காம நூத்தி எம்பத்தெட்டு ஏத்தினேன்" என்றேன்.

பாலுசாமி கீழே சிந்திய பெயின்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "அப்ப என்ற மாடு எரட்டை போடலைங்களா?" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

பொங்கல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

19.01.2026, திங்கள்

காலையில் பெல் அடிக்கும் முன்பே கனிஷ்கா கீதா மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் சொல்லச் சொல்லவில்லை. மிஸ் டேட்டாபேஸில் ஒரு கேள்வி ஓட்டிப் பார்த்தார். ஒரே உடையவர், ஒரே தாய், ஒரே பிறந்த மாதம், இரண்டு நிறம். எத்தனை? இருபத்து மூன்று வரிகள் வந்தன. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மிஸ் என்னைக் கூப்பிட்டார். "உன்னைக் கேட்டதோட நிறுத்தியிருக்கணும். கேட்டுட்டு நம்பாம விட்டது என் தப்பு" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. (குறித்துக்கொள்ளவும்: பெயருக்கு ஏற்றபடி நான் இருந்த முதல் தருணம்.)

ஆனால் ஹெட்மாஸ்டர் இந்த வாரம் முழுக்க வெளியூர். அவர் உத்தரவை அவர்தான் ரத்து செய்ய வேண்டும். கன்று நாளுக்கு ஆறு நாள்தான்.

மிஸ் அந்த உத்தரவை எடுத்து நிதானமாகப் படித்தார். "லேபுக்குள் நுழையக் கூடாதுன்னுதான் இருக்கு. ஜன்னலைப் பத்தி ஒண்ணும் எழுதல."

மிஸ்ஸா! கீதா மிஸ்ஸா இது!

நான் வராந்தாவில், கையில் இந்த டைரி. கனிஷ்கா உள்ளே நான்காவது கம்ப்யூட்டரில். நடுவில் கம்பி. முதலில் சார்ட்டைத் திருத்தினோம். 'மாடு' கட்டத்தில் புதிதாக 'மாட்டு எண்', தானாகவே ஏறும் எண். அந்த மாடு இருக்கும்வரை அது மாறாது. நிறத்தை அங்கிருந்து அழித்துவிட்டு, தனியாக 'நிறம்' என்று ஒரு கட்டம்: எந்த மாடு, என்ன நிறம், எந்த மாதம் பார்த்தது. மாறினால் இன்னொரு வரி சேர்த்தால் போதும்.

மிஸ் பழையதை ஒரு நகல் எடுத்து வைக்கச் சொன்னார். அதன்பிறகு, முழுவதையும் அழிக்கும் கமாண்டை நான் சத்தமாகப் படித்தேன்: "டிராப் டேட்டாபேஸ்."

கனிஷ்காவின் விரல் என்டருக்கு மேலே நின்றுவிட்டது. "ஆறு மாச வேலைடி."

"சார்ட் இருக்கு. கமாண்டு இருக்கு. ஃபாரம் இருக்கு. என்ன போச்சு? அடி."

அடித்தாள். காலி.

பிறகு நான் சொல்லச் சொல்ல, அவள் அடிக்க அடிக்க, ஒவ்வொன்றாக எழுந்தது. கிரியேட் டேட்டாபேஸ். தமிழ் எழுத்தை ஏற்கச் சொல்லும் வரி. உடையவர் டேபிள். மாடு டேபிள். நிறம் டேபிள். "அரைப்புள்ளி!" "போட்டுட்டேன்!" "அடைப்பை மூடு!" "கத்தாதடி!" ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். எரர் ஒன்றுகூட இல்லை. பதினொரு நிமிடம். ஜூலையில் நாங்கள் இரண்டு வாரம் முட்டிமோதிக் கட்டியது, ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றபடி பதினொரு நிமிடம்.

ஃபாரங்களை ஏற்றி, இருபத்து மூன்று ஜோடியையும் ஒன்றாக்கி முடிக்கச் சாயங்காலம் ஆனது. எண்ணச் சொன்னோம்.

196.

கனிஷ்கா ஜன்னல் வழியே கையை நீட்டினாள். நான் நறுக்கென்று கிள்ளினேன். சமாதானம்.

25.01.2026, ஞாயிறு

கன்று நாள். நானாவும் வந்தார். மில்லில் லீவு போட்டுவிட்டு, இஸ்திரிச் சட்டையோடு.

இருபத்தாறு கன்றுகள், இருபத்தாறு தாள்கள். சென்னியம்மாள் அக்கா மைக்கில் ஒவ்வொன்றாகப் படித்தார். அப்பன் இடத்தில் அப்பன், அண்ணன் இடத்தில் அண்ணன். பாலுசாமியின் முறை வந்தபோது அக்கா கொஞ்சம் நிறுத்தினார்.

"மாட்டு எண் எழுவத்தி ஒண்ணு. நெறம், ஆகஸ்டுல செவலை, நவம்பர்ல மயிலை."

கூட்டத்தில் ஒருவர் தொடையில் தட்டினார். "அட, இதத்தானய்யா எந்த நோட்டுலயும் எழுதறதில்ல!"

பாலுசாமி தாளை வாங்கி, மடிக்காமல், அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டு நானாவிடம் வந்தார். "உங்க பொண்ணுங்களா? நல்லாத் தெரியுமுங்க. எங்கூட்டுப் பொங்கல் பாதி இந்தக் கண்ணு வயித்துலதான்."

நானா சிரித்தார். திரும்பி வரும்போது வண்டியில் தெலுங்கில் ஏதோ சொன்னார். தெலுங்கில் அவர் பாராட்டியது இதுவே முதல்முறை. எனக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது.

27.01.2026

ஹெட்மாஸ்டர் உத்தரவை ரத்து செய்துவிட்டார். லேபுக்குள் நடந்தே போனேன். வால்பேப்பரைத் தொடவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

11.02.2026, புதன்

ப்ராக்டிகல் முடிந்தது. ஒரு டேபிளை உருவாக்கச் சொல்லியிருந்தார்கள். நாலு நிமிடம். மீதி நேரம் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினரின் மூக்குக்கண்ணாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். (இரண்டு. ஒன்று தலையில்.)

மத்தியானம் சென்னியம்மாள் அக்காவிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. மாட்டு எண் 197. முந்தாநாள் பிறந்ததாம். யாரையும் கேட்காமல், நான் எழுதிக் கொடுத்திருந்த கமாண்டைப் பார்த்து அவரே அடித்து ஏற்றியிருக்கிறார். சங்கம் புது ஃபாரமும் அச்சடித்திருக்கிறது. அதில் நிறத்துக்கான கட்டத்தில் அக்கா தன் கையெழுத்தில் நிரப்பியிருந்தார்: 'இப்போதைக்குச் செவலை.'

கீதா மிஸ்ஸிடம் காட்டினேன். படித்துப் பார்த்தார். பிறகு என் ரெக்கார்டு நோட்டை இழுத்து, கடைசிப் பக்கத்தில் நடத்தை என்று இருந்த கட்டத்தில் ஏதோ எழுதி, மூடிக் கொடுத்தார். ஜூனிலிருந்து அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தார்.

வராந்தாவுக்கு வந்து, அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று திறந்து பார்த்தோம். கனிஷ்காதான் படித்தாள்.

'இப்போதைக்கு நன்று.'